ராஃப்டிங் கேம்ப் ரிவ்யூ: "வேணாம்"னு சொல்லத் தெரிஞ்ச எடம்

அஞ்சுக்கு நாலு ஸ்டார். மொதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இது நீளமா போகும், பாதில விட்டுட்டு ஓடறவங்களுக்கு இந்த ஒரு வரி போதும். அந்த ஒரு ஸ்டார் ஏன் கொறஞ்சுதுன்னு கடைசில வரும், அது ஆத்துக்கும் சம்பந்தமில்ல கைடுக்கும் சம்பந்தமில்ல, ஒரு தாழ்ப்பாள் மேட்டர்.

கேம்ப் பேரு போடல, கேட்டு இன்பாக்ஸ்ல வராதீங்க. மறைக்கணும்னு இல்ல. ராஃப்டிங் (வேகமா ஓடற ஆத்துல ரப்பர் போட்ல துடுப்பு போட்டுப் போறது) கேம்ப்னா டென்டு, போட்டு, வெப்சைட்ல இருக்கற சிரிச்ச மூஞ்சி போட்டோ இதெல்லாம் கணக்கே இல்ல, அன்னைக்கு உங்க போட்ல பின்னாடி உக்காந்து திருப்பறாரே அந்த ஒரு ஆளுதான் கேம்ப். அந்தாளு அடுத்த சீசன்ல வேற ஆத்துக்குப் போயிட்டாருன்னா நான் எழுதுனது அத்தனையும் பொய்யாயிடும். அதனால என்னத்தப் பாக்கணும்னு சொல்றேன், எந்த ஆறா இருந்தாலும் அது மாறாது.

நாங்க ஆறு பேரு, நானு, எங்க வீட்டுக்காரரு, என் தம்பி, அவனோட ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரு, அக்கா பையன் (12 வயசு, தன்ன 18ன்னு நெனச்சுக்கறவன்). ரெண்டு ராத்திரி மூணு பகல். மேல ஒரு அணை இருக்கற ஆறு, பெரும்பாலும் கிளாஸ் 3 ரேபிட், நடுவுல ஒரே ஒரு கிளாஸ் 4.

கிளாஸ்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு, ஆத்துல வேகமா நுரைச்சுகிட்டு ஓடற எடத்த (அதான் ரேபிட்) 1லருந்து 6 வரைக்கும் பிரிச்சு வெச்சிருக்காங்க, உலகம் பூரா கிட்டத்தட்ட இதே கணக்குதான். 1ன்னா சும்மா சலசலப்பு. 3ன்னா அலை போட்டுக்குள்ள அடிக்கும், விழுந்தாலும் பெரும்பாலும் நீங்களே கரையேறிடலாம். 4ல விழுந்தா அடுத்தவங்க வந்து தூக்கணும். 5 நமக்கில்ல. 6ன்னா அதுல போறவங்களே அபூர்வம், தப்பு நடந்தா உசுரு. இந்த நம்பர் கல்வெட்டு இல்லைங்கறத மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, தண்ணி ஏறுனா எறங்குனா அதே எடத்தோட நம்பர் மாறும். இது பின்னாடி வரும்.

போய் எறங்குன ஒடனே ஜூஸ் கொடுக்கல, ஃபார்ம் கொடுத்தாங்க. ஆஸ்துமா, வலிப்பு, இதயம், முதுகு, சமீபத்துல ஆபரேஷன், கர்ப்பம், நீச்சல் தெரியுமா, என்ன மாத்திரை எடுத்துக்கறீங்கன்னு ரெண்டு பக்கம். எல்லாரும் வழக்கம் போல "இல்ல இல்ல இல்ல"ன்னு டிக் அடிச்சு நீட்டுனோம். அந்த ஹெட் கைடு, அம்பது வயசிருக்கும், ஒல்லியா கருத்த ஆளு, அண்ணேன்னுதான் எல்லாரும் கூப்பிட்டோம், அவரு ஒவ்வொரு ஃபார்மையும் கையில வெச்சுகிட்டு ஆள நேரா பாத்து திருப்பிக் கேட்டாரு. என் தம்பிகிட்ட வந்து "இன்ஹேலர் ஏதும் வெச்சிருக்கியா தம்பி"ன்னாரு. இவன் முழிக்கறான். பேக்ல இருந்துச்சு, ஃபார்ம்ல இல்ல! எப்பவோ ஒரு தடவ தானே வரும்னு எழுதாம விட்டிருக்கான். அண்ணன் திட்டல, அந்த இன்ஹேலர வாங்கி ஒரு சின்ன வாட்டர்ப்ரூஃப் பையில போட்டு தன்னோட ஜாக்கெட் பாக்கெட்லயே வெச்சுகிட்டாரு. அந்த நிமிஷமே எனக்கு எடம் பிடிச்சுப் போச்சு.

ஏன்னா நான் ஏற்கனவே ஒரு தடவ சூடு கண்ட பூனை. ரெண்டு வருஷம் முன்னாடி வேற ஒரு எடத்துக்குப் போயிருந்தோம், பேரு வேணாம், அங்க ஒரு சாக்குல இருந்து லைஃப் ஜாக்கெட்ட அள்ளி கீழ போட்டு "எடுத்துக்கோங்க"ன்னாங்க, அவ்ளோதான். எனக்குக் கெடச்சது எங்க வீட்டுக்காரரு சைஸு. தண்ணியில விழுந்தப்ப ஜாக்கெட்டு மெதந்துச்சு, நான் மெதக்கல, அது மூக்கு வரைக்கும் ஏறிடுச்சு, நான் அதுக்குள்ள தொங்கிட்டு இருந்தேன். நல்லவேளை அமைதியான எடம். அன்னைக்கு எல்லாரும் கரையில நின்னு சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன், ராத்திரி படுத்தப்புறம்தான் கை நடுங்குச்சு.

இங்க ஜாக்கெட் மாட்டறதுக்கே இருபது நிமிஷம். ஆளப் பாத்து சைஸ் எடுத்துக் குடுத்தாங்க, பட்டைய கீழருந்து மேல இறுக்கணும்னாங்க (நான் எப்பவும் மேலருந்து கீழ பண்ணுவேன், தப்பாம்), இறுக்குனப்புறம் பின்னாடி வந்து ரெண்டு தோள்பட்டைப் பட்டையையும் பிடிச்சு ஒரு தூக்கு. ஜாக்கெட்டு காது வரைக்கும் ஏறுச்சுன்னா லூசு, திரும்ப இறுக்கு. மூச்சு விடக் கொஞ்சம் கஷ்டமா இருக்கற மாதிரி தோணும், தோணட்டும், பத்து நிமிஷத்துல பழகிடும். ஹெல்மெட்டும் அப்படித்தான், நெத்திய மூடணும், பின்னாடி தள்ளுனா சாயக் கூடாது. இன்னொரு பொண்ணு, எங்க கூட்டம் இல்ல, ஃபோட்டோல மூஞ்சி தெரியணும்னு ஹெல்மெட்ட பின்னாடி ஏத்திப் போட்டிருந்தா, ஒவ்வொரு தடவையும் அண்ணன் சத்தமே போடாம போய் இறக்கி விட்டுட்டு வந்தாரு, நாலு தடவ.

செயின், மோதிரம், தொங்கற கயிறு வெச்ச ஹூடி, துப்பட்டா எல்லாம் கழட்டச் சொன்னாங்க. எங்கயாவது கொக்கி மாதிரி மாட்டுனா தண்ணி நிக்காது, நீங்க மட்டும் நிப்பீங்க. கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு கயிறு. செருப்பு கூடாது, காலோட ஒட்டி இருக்கற ஷூதான். காட்டன் டீஷர்ட், ஜீன்ஸ் வேணாம், நனைஞ்சா காயாது, ஒடம்பு சூட்ட உறிஞ்சிடும். எனக்குப் புதுசா தெரிஞ்சது சன்ஸ்க்ரீன் விஷயம்: மூஞ்சிக்குப் போடு, கழுத்துக்குப் போடு, ஆனா உள்ளங்கையிலயும் தொடைக்குப் பின்னாடியும் போடாத. கையில இருந்தா துடுப்பு வழுக்கும், தொடையில இருந்தா நீயே போட் ஓரத்துலருந்து வழுக்கிட்டுப் போயிடுவ. எங்க வீட்டுக்காரரு அதுக்குள்ள மாரியாத்தா சிலைக்கு எண்ணெய்க்காப்பு பண்ண மாதிரி தேய்ச்சு முடிச்சிருந்தாரு, போய் கழுவிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க.

அப்புறம் பாடம். முக்கால் மணி நேரம். நம்ம ஆளுங்க நெளிஞ்சாங்க, அண்ணன் நிறுத்தல.

துடுப்போட மேல் முனையில ஒரு குறுக்குப் பிடி இருக்கும்ல, அதுல இருந்து கை எடுக்கவே கூடாது. பாறையில மோதி பல்லு போறத விட பக்கத்துல உக்காந்தவன் துடுப்பு முனை பட்டு பல்லு போறதுதான் ஜாஸ்தியாம், அண்ணன் தன் மேல் உதட்டத் தூக்கி ஒரு பல்ல காட்டுனாரு, கட்டுன பல்லு. அடுத்து, விழுந்தா எழுந்து நிக்கக் கூடாது. இதத்தான் திரும்பத் திரும்ப சொன்னாரு. ஓடற தண்ணியில நிக்கப் போனா காலு ரெண்டு கல்லுக்கு நடுவுல மாட்டும், தண்ணி முதுகுல தள்ளி உங்கள முன்னாடி மடக்கிடும், இடுப்பளவு தண்ணி கூடப் போதும் மூழ்கறதுக்கு. ஓட்டத்தோட வேகம் ரெண்டு மடங்கானா அது தள்ளற தள்ளு நாலு மடங்காகும். ஒரு கன மீட்டர் தண்ணி ஒரு டன்னு, செகண்டுக்கு எத்தன டன்னு உங்க முதுகுல வந்து சாயுதுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. அதனால மல்லாக்கப் படு, காலு ஓட்டம் போற தெசையில, கால் விரலு தண்ணிக்கு மேல தெரியற மாதிரி, பாறை வந்தா காலால தள்ளிக்கோ. கரையோரமா வந்தப்புறமும் எந்திரிக்காத, பின்புறம் தரையில இடிக்கற வரைக்கும் மெதந்துட்டே வா.

இதுல ஒரே ஒரு விதிவிலக்கு. ஆத்துல மரம் விழுந்து கெடந்து, கிளை வழியா தண்ணி மட்டும் வடிஞ்சு போற எடம். அது வடிகட்டி மாதிரி, தண்ணி போயிடும் ஆளு நின்னுடும். அத ஒதுக்கி நீந்தப் பாருங்க, முடியலன்னா மல்லாந்தபடி காலக் குடுத்து உள்ள போயிடாதீங்க, குப்புறப் புரண்டு தலைய முன்னாடி வெச்சு வேகமா நீந்திப் போய் அது மேல எக்கி ஏறணும். கேக்கறப்பவே வயித்தக் கலக்குச்சு.

போட்டு கவுந்து அதுக்கு அடியில மாட்டிகிட்டா பதறி அங்கயும் இங்கயும் போகாம ரெண்டு கையையும் மேல வெச்சு ஒரே பக்கமா கை மாத்தி கை மாத்தி நகந்தா வெளிய வந்துடலாம். விழுந்தவங்கள போட்ல ஏத்தறப்ப கையப் பிடிச்சு இழுக்காத, முடியப் பிடிச்சு இழுக்காத, நம்ம பக்கம் திருப்பி ஜாக்கெட்டோட ரெண்டு தோள் பட்டையையும் பிடிச்சு நாம பின்னாடி சாயணும், அவங்க நம்ம மேல வந்து விழுவாங்க, அசிங்கமாதான் இருக்கும், பரவால்ல. சைகையில ஒரு நல்ல விஷயம், கைடு கை காட்டற பக்கம் எப்பவும் போக வேண்டிய பக்கம். ஆபத்த கை காட்டவே மாட்டாங்க. "அங்க பாறை இருக்கு பாரு"ன்னு நாம காட்டுவோம்ல, அது தப்பு, சத்தத்துல பாதி பேரு அங்கயே போயிடுவாங்க.

இதெல்லாம் சொல்லிட்டு விட்டுடல, கேம்புக்கு முன்னாடி ஆறு ஆழமா அமைதியா நிக்கற ஒரு கசம் இருக்கு, அதுல எல்லாரையும் ஒருத்தர் விடாம தள்ளி விட்டாங்க, நெஜமாவே தள்ளி விட்டாங்க. மெதக்கறது, கயிறு பிடிக்கறது, திரும்ப போட்ல ஏத்தறது எல்லாம் செஞ்சு பாக்கணும். நீச்சல் தெரியும்னு டிக் அடிச்சவங்கள்ல ரெண்டு பேருக்குத் தெரியலங்கறது அங்கதான் தெரிஞ்சுது. ஆழம் தெரியாம கால விடாதேன்னு நம்மாளுங்க சும்மாவா சொன்னாங்க.

சரி, தலைப்புல "வேணாம்"னு போட்டேனே.

மொத வேணாம், அக்கா பையனுக்கு. அவன் கிளாஸ் 4 இருக்கற பகுதிக்கு வரக் கூடாதுன்னுட்டாரு. அவன் அழுதான், நான் கெஞ்சுனேன், கூட கொஞ்சம் பணம் வேணா தரோம்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு (எனக்கே வெக்கமா போச்சு). அண்ணன் பையன உக்கார வெச்சு, "நீ பயப்படுவன்னு சொல்லலடா, நீ விழுந்தா இந்த ஜாக்கெட்டு உன் எடைக்கு சரியா பிடிக்காது, உன்னத் தேடறதுக்கு நான் போனா போட்ல இருக்கற ஆறு பேர யாரு பாக்கறது"ன்னு பெரியவங்ககிட்டப் பேசற மாதிரி பேசுனாரு. மத்தியானம் அவன தனியா கீழ்ப்பகுதிக்கு, கிளாஸ் 1, 2 மட்டும் இருக்கற எடத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. திரும்பி வந்தவன் எங்க எல்லாருக்கும் ராஃப்டிங் கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சுட்டான்.

ரெண்டாவது வேணாம், தம்பியோட ஃப்ரெண்டுக்கு. மொத நாள் ராத்திரி டென்டுக்குள்ள யாருக்கும் தெரியாம பாட்டில் தெறந்திருக்காங்க. காலைல போட்ல ஏறப் போறப்ப அண்ணன் அவன நிறுத்திட்டாரு, கண்ணப் பாத்தே. "அண்ணே அது நேத்து நைட்டு, இப்ப தெளிஞ்சுட்டேன்." "நீ தெளிஞ்சிருப்ப தம்பி, ஆனா விழுந்தா உன்னைய இழுக்கப் போறவன் நானு, எனக்குத் தெளிவா தெரியலயே." அவ்ளோதான். அவன் கரையில உக்காந்தான், பணமும் திரும்பக் கெடைக்கல, அது நியாயம்னுதான் நான் சொல்வேன், எங்க தம்பிக்கு இன்னும் கோவம். குடிச்சா குளிரு தெரியாதுன்னு ஒரு நம்பிக்க இருக்குல்ல, உண்மையில தோலுக்கு ரத்தம் ஓடி சூடு மாதிரி தோணும், உள்ள இருக்கற சூடு வெளிய போயிட்டே இருக்கும், குளிர் தண்ணியில அது வேற.

குளிர்னு சொன்னதும் நான் விழுந்த கதை. ரெண்டாம் நாள், மூணாவது ரேபிட், கிளாஸ் 3. என்ன நடந்துச்சுன்னே தெரியல, போட்டு ஒரு பக்கம் எக்குச்சு, அண்ணன் "இடது பக்கம்!"னு கத்துனாரு, எல்லாரும் இடது பக்கம் பாஞ்சாங்க, நான் யோசிச்சேன். யோசிச்சதுக்குத் தண்டனை.

தண்ணி ஐஸ். வெயில் காலம்தானே, எப்படி இவ்ளோ குளிரும்னு கேக்காதீங்க, அணையோட அடி மட்டத்துலருந்து தெறந்து விடற தண்ணிக்கு வெயிலே பட்டிருக்காது. உள்ள போன ஒடனே மூச்ச நானா இழுக்கல, அதுவா இழுத்துக்கிச்சு, "ஹாஆ"ன்னு. அந்த மூச்சு தண்ணிக்கு அடியில வந்துச்சுன்னா தண்ணிதான் உள்ள போகும், அதுக்குத்தான் ஜாக்கெட்டு. நல்லா குளிர்ற தண்ணிக்கு ஒரு 1-10-1 கணக்கு சொல்லிக் குடுத்திருந்தாங்க: மொத 1 நிமிஷம் மூச்ச மட்டும் அடக்கு வேற எதுவும் பண்ணாத, அப்புறம் ஒரு 10 நிமிஷம் கை கால் ஒழுங்கா வேல செய்யும் அதுக்குள்ள வெளிய வா, குளிரால மயக்கம் வர்றதுக்கு கிட்டத்தட்ட 1 மணி நேரம் ஆகும். அந்தக் கடைசி 1 மணி நேரங்கறது ஞாபகம் இருந்ததுதான் என்னைக் காப்பாத்துச்சு, அதான் ஒடனே சாகப் போறதில்லயேன்னு ஒரு தெம்பு. மூச்சு சரியாச்சு, மல்லாந்தேன், கால் விரலு தெரியுது, சரி.

கரையில பாறை மேல ஒரு பையன் த்ரோ பேக்கோட (கயிறு அடைச்சு வெச்ச, வீசற பை) ஏற்கனவே நின்னுட்டு இருந்தான், நாங்க வர்றதுக்கு முன்னாடியே போய் நிக்கறது அவங்க வழக்கம். பேர சொல்லி கத்திட்டு வீசுனான். பைய பிடிக்கக் கூடாது, அதுக்குள்ள இன்னும் கயிறு இருக்கும், உருவிகிட்டே வரும், கயித்தப் பிடிக்கணும். கையில சுத்திக்கவே கூடாது. நெஞ்சுல வெச்சு, கயிறு தோளுக்கு மேல போற மாதிரி மல்லாந்தே இருந்தேன், தண்ணி என்னை ஊஞ்சல் மாதிரி வளைச்சு கரைக்குக் கொண்டு வந்து விட்டுடுச்சு, அவன் இழுக்கக் கூட இல்ல. முந்தின நாள் கசத்துல இதே கயித்த நான் மூணு தடவ தப்பா பிடிச்சு திட்டு வாங்கியிருந்தேன்.

மொத்தம் ஒரு நிமிஷம் கூட இருக்காது. எங்க வீட்டுக்காரரு இன்னைக்கு வரைக்கும் பத்து நிமிஷம்னுதான் சொல்றாரு.

மூணாவது வேணாம்தான் பெருசு. ரெண்டாம் நாள் சாயங்காலம் அண்ணன் தண்ணி விளிம்புல ஒரு குச்சிய நட்டு வெச்சாரு. எதுக்குண்ணேன்னு கேட்டேன், நைட்டு ஆறு என்ன பண்ணுதுன்னு பாக்கன்னாரு. ராத்திரி எங்களுக்கு ஒரு சொட்டு மழை இல்ல. காலைல பாத்தா குச்சி முட்டியளவு தண்ணியில நிக்குது, தண்ணி கலங்கி டீ கலரு, சருகும் சுள்ளியும் மெதந்து வருது, சத்தம் கூட மாறியிருந்துச்சு, சலசலப்பு போயி ஒரு ஹோன்னு. மேல எங்கயோ மழை, அணையிலயும் கூடத் தெறந்திருக்காங்க. மேல்பகுதி ட்ரிப் கேன்சல்னாரு. தண்ணி ஏறுனா சில ரேபிட் மூழ்கிப் போயி சாதுவாயிடுமாம், சிலது பேயாயிடுமாம், அந்தக் கிளாஸ் 4 ரெண்டாவது வகை. நாங்க மொணகுனோம். பக்கத்து கேம்ப் போட்டு ஒண்ணு நம்ம கண்ணு முன்னாடியே ஜாலியா கத்திட்டுப் போச்சு, அதப் பாத்து இன்னும் மொணகுனோம். அவங்களுக்கு ஒண்ணும் ஆகல, நல்லபடியா போய் சேந்தாங்க. இருந்தாலும் நான் எங்க அண்ணன் கட்சிதான். பாதிப் பணம் கேக்காமலே திருப்பிக் குடுத்தாங்க, இல்ல வேற தேதி எடுத்துக்கலாம்னாங்க.

இன்னொண்ணு அன்னைக்குதான் கவனிச்சேன், எல்லா டென்டும் ஆத்துலருந்து தள்ளி மேட்டுல ஏன் போட்டிருக்காங்கன்னு. வந்தன்னைக்கு "ரிவர் வியூ இல்லையே"ன்னு தம்பி கம்ப்ளெயின்ட் பண்ணிருந்தான். கீழ மணல்ல அழகா ஒரு எடம் இருந்துச்சு, மூணாம் நாள் காலைல அந்த எடமே தண்ணிக்குள்ள. போட்டையெல்லாம் சாயங்காலமே மேல இழுத்து மரத்துல கட்டியிருந்தாங்க.

இனி கேம்ப் வாழ்க்கை. இதுல நான் எங்க கூட்டத்தையும் சேத்துதான் ரிவ்யூ பண்ணனும், ஏன்னா மொத நாள் ராத்திரி அங்க தொந்தரவு பண்ணவங்க நாங்கதான். ஆத்துப் பக்கத்துல உக்காந்தா அந்த இரைச்சலுக்கு மேல பேசி பேசி நம்ம சத்தம் ஏறிட்டே போகும், நமக்குத் தெரியவே தெரியாது. பத்து மணிக்கு மேல சத்தம் கூடாதுன்னு போர்டு இருக்கு, ஸ்பீக்கர் எப்பவுமே கூடாது. நாங்க ஸ்பீக்கர் வெக்கல, அந்தாக்ஷரி மட்டும்தான். பதினொண்ணே முக்காலுக்கு பக்கத்து டென்டுலருந்து ஒருத்தரு, பெரியவரு, வந்து "ஏம்மா, எங்க போட்டு காலைல ஆறு மணிக்கு"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனாரு. திட்டியிருந்தா சண்டை போட்டிருக்கலாம். காலைல போய் சாரி கேட்டேன். கைடுங்க டென்டும் பக்கத்துலதான்னு அப்பதான் உறைச்சுது, நம்ம உசுர தூக்கிட்டுப் போறவனத் தூங்க விடாம பாட்டுப் பாடிருக்கோம்.

ஹெட்லேம்ப் போட்டுகிட்டு பேசறவங்க மூஞ்சியப் பாக்கறது இன்னொரு கொடுமை, எதிராளிக்கு கண்ணு போயிடும். கழுத்துல எறக்கி விட்டுக்கோங்க. செவப்பு லைட் மோடு இருந்தா அது.

கரையில கண்ணாடி பாட்டிலுக்குத் தடை, வெறுங்காலோட எல்லாரும் நடக்கற எடம். நெருப்பு ஒரு தட்டுல மட்டும்தான், மணல் மேல நேரா போட விடல. அணைக்கறப்ப தம்பி மணல அள்ளி மூடப் போனான், வேணாம்னாங்க, மணல் மூடுனா அடியில கங்கு மணிக்கணக்குல உசுரோட இருக்கும், காலைல ஒரு குழந்த அது மேல மிதிக்கும். தண்ணி ஊத்தி, கிளறி, மறுபடி ஊத்தி, கை வெச்சுப் பாத்து ஆறுன அப்புறம்தான் விட்டாங்க, சாம்பலையும் கட்டி எடுத்துட்டாங்க. குளிருதேன்னு டென்டுக்குள்ள அடுப்போ கரியோ கொண்டு போறதுக்கு பேச்சே இல்ல, அதுலருந்து வர்ற விஷ வாயு தெரியாமயே ஆளக் கொன்னுடும்.

சோப்பு விஷயத்துல சண்டையே வந்துச்சு. ஆத்துல எறங்கி ஷாம்பு போட்ட ஒருத்தர (நம்ம கூட்டம் இல்ல, அப்பாடா) கைடு பையன் போய் நிறுத்துனான். "இது இயற்கை சோப்பு, மூலிகை"ன்னு அவரு வாதம். எந்த சோப்பா இருந்தாலும் ஆத்துத் தண்ணியில நேரா கலக்கக் கூடாது, பக்கெட்ல மொண்டுட்டு ஒரு 60 மீட்டர் தள்ளிப் போய் மண்ணுல குளிக்கணும், மண்ணுதான் அத சிதைக்கும். பாத்திரம் கழுவுன தண்ணியையும் வடிகட்டி, சோத்துப் பருக்கைய குப்பையில போட்டுட்டு, தண்ணிய மட்டும் தள்ளிப் போய் ஊத்துனாங்க. கீழ ஊரு இருக்கு, அவங்க குடிக்கற தண்ணி இது, இதுக்கு மேல என்ன விளக்கம் வேணும்.

கக்கூஸ் பத்தி எல்லாரும் கேப்பீங்க. டென்டுலருந்து தூரம், ராத்திரி எழுந்து போக சோம்பலா இருக்கும், ஆனா ஆத்துலருந்து தள்ளி இருக்கணும்னா தூரமாதான் இருக்கும். சுத்தமா இருந்துச்சு. போட்ல நடு வழியில நிறுத்துனா ஒரு கையடக்க மண்வெட்டி குடுப்பாங்க, தண்ணியிலருந்து 60 மீட்டர் தள்ளி, 15லருந்து 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி, முடிச்சுட்டு மூடணும், பேப்பர கவர்ல போட்டுத் திரும்பக் கொண்டு வரணும். மூஞ்சி சுளிக்காதீங்க, அமெரிக்காவுல கொலராடோ ஆத்துல கிராண்ட் கேன்யனுக்குள்ள நாள் கணக்கா போற ட்ரிப்ல குழி கூடத் தோண்ட விட மாட்டாங்க, மலத்த எல்லாம் பெட்டியில அடைச்சு போட்லயே வெளிய எடுத்துட்டு வரணும். அந்தப் பெட்டிக்கு க்ரூவர்னு பேரு, அந்தக் காலத்துல ராணுவ தோட்டாப் பெட்டிய உபயோகிச்சாங்களாம், சீட்டு கிடையாது, உக்காந்து எழுந்தா பின்னாடி ரெண்டு கோடு விழும், அந்தக் கோட்டுக்குத்தான் (இங்கிலீஷ்ல க்ரூவ்) அந்தப் பேரு. ஆனா சிறுநீர் மட்டும் அங்க ஆத்துக்குள்ளயே போகணும்னு ரூலு, அவ்ளோ பெரிய ஆறு. சின்ன ஆத்துக்கு இது பொருந்தாது, இத காரணம் காட்டாதீங்க.

கொறைகள். வெட்சூட் (குளிர் தண்ணிக்குப் போடற ரப்பர் டிரஸ்) நாத்தம். அலசிக் காயப் போடறாங்க, பாத்தேன், இருந்தாலும் நாத்தம். ஸ்லீப்பிங் பேக்ல ஒண்ணு ஈரம், சொன்ன ஒடனே மாத்திக் குடுத்தாங்க. ஃபோட்டோ வீடியோவுக்குத் தனியா காசுங்கறத முன்னாடியே சொல்லல, நான் விழற வீடியோவ அவன் காட்டுனதும் எங்க வீட்டுக்காரரு பேரமே பேசாம வாங்கிட்டாரு, அது வேற கதை. அந்த ஒரு ஸ்டார் போனது பெண்கள் உடை மாத்தற ரூம் தாழ்ப்பாளுக்கு. ஒடைஞ்சு தொங்குது. வெளிய ஒருத்தர் காவலுக்கு நிக்கணும். ஜாக்கெட் பட்டைய அத்தன தடவ இழுத்துப் பாக்கற ஆளுங்களுக்கு ஒரு தாழ்ப்பாள் மாத்தத் தெரியாதா? மூணு நாளும் சொன்னேன், மூணு நாளும் "பண்ணிடறோம்க்கா".

நீங்க வேற எங்கயாவது புக் பண்றதா இருந்தா, ஃபோன்ல இதக் கேளுங்க: கைடுக்கு ராஃப்டிங் சான்றிதழும் முதலுதவிச் சான்றிதழும் இருக்கா, அது காலாவதி ஆகலையா. கூட பாதுகாப்புக்கு ஒரு கயாக் (ஒத்த ஆள் ஓட்டற சின்னப் படகு) இல்ல இன்னொரு போட்டு வருமா. என்ன வயசுக்குக் கீழ ஏத்த மாட்டீங்க. தண்ணி ஏறுனா கேன்சல் பண்ணுவீங்களா, பணம் என்னாகும். கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் ஆகாது மேடம், தைரியமா வாங்க"ன்னு பதில் வந்துச்சுன்னா ஃபோன வெச்சுடுங்க.

சாப்பாடு சூடா இருந்துச்சு, போதுமான அளவு இருந்துச்சு. ஈரத் துணிக்குன்னு தனியா ஒரு பெரிய கவரு எடுத்துட்டுப் போங்க, நாங்க எடுத்துட்டுப் போகல, மூணு வாரமாச்சு, கார் டிக்கி இன்னும் ஆத்து வாடை அடிக்குது.